பூட்டிய நூலகத்தில் மாயவன்

ரஜியாவை மலைமேல் ஊர்ப்புற நூலகராகப் போட்டபோது, கள்ளக்குறிச்சி கடைத்தெருவில் அவள் கணவர் சாதுல்லாவின் ரெடிமேட் கடைக்கு வந்தவர்கள் எல்லோரும் துக்கம் விசாரிப்பதுபோல விசாரித்தார்கள். "பொம்பளைய மலைக்கா அனுப்புறீங்க?" என்றவர்களுக்கு சாதுல்லா ஒரே பதிலை வைத்திருந்தார். "புஸ்தகம் குடுக்கத்தான் போறா, புலி புடிக்க இல்ல."

கச்சிராயபாளையம் வழியாக மலையேறும் பஸ், கரியாலூரையும் தாண்டி நொச்சிமேட்டில் நின்று மூச்சு வாங்கும். அங்கே இறங்கினால் எதிரிலேயே நூலகம். ஒரே அறை, ஒரு கம்பிக்கதவு, நாலு இரும்பு அலமாரி, செய்தித்தாள் மேசை ஒன்று. பேப்பர்கூட ரஜியா வரும் பஸ்ஸில்தான் வரும். மழைக்காலத்தில் மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து, அட்டையெல்லாம் ஈரமாக்கிவிட்டு, கேட்காமலே வெளியே போகும். வாசகர் என்று சொல்லிக்கொள்ள விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் ஆட்கள்.

ரஜியாவின் சுபாவத்தை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. காலியாக ஒரு கட்டம் இருந்தால் அவளால் பொறுக்க முடியாது. கோலத்துக்கு நடுவில் விட்டுப்போன புள்ளியானாலும் சரி, வருகை விவரத்தில் பூஜ்யமானாலும் சரி, கை நமநமவென்று அரிக்கும். அப்படிப்பட்டவளையும் மற்ற நூலகர்களையும் மாவட்ட நூலகத்துக்குக் கூப்பிட்டு உட்கார வைத்து ஒருநாள் பயிற்சி கொடுத்தார்கள். வாசகர்கள் இப்போது போனுக்குள் குடியிருக்கிறார்கள், நூலகமும் அங்கே போக வேண்டும், வலைப்பூ, வாட்ஸப், முகநூல் எல்லாவற்றையும் முயன்று பாருங்கள், எது பிடிக்கிறதோ அதைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்றார்கள். மற்றவர்கள் டீயும் போண்டாவும் முடித்துக் கிளம்பிவிட்டார்கள். ரஜியா ஒருத்திதான் அதை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

முதலில் வலைப்பூ. வாரம் ஒரு புத்தகத்தைப் பற்றி, தலையணையை மடியில் வைத்துக்கொண்டு, அடித்து அடித்துத் திருத்தி எழுதினாள். படித்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தி அவள் மகள் ருக்ஷானா. இன்னொருவர் பின்னூட்டத்தில் முழங்கால் தைலம் விற்க வந்தவர். அடுத்து வாட்ஸப் குழு. அதில் காலை வணக்கம் சொல்லும் ரோஜாப்பூக்களுக்கும் முருங்கைக்கீரை வைத்தியத்துக்கும் நடுவே அவள் போட்ட புதுவரவுப் பட்டியல் மூழ்கிப்போனது. கடைசியாக முகநூலில் ஒரு பக்கம் திறந்தாள். போடுவதற்கு வேறு ஒன்றும் இல்லாமல், எதிரில் உட்கார்ந்திருந்த மாயவனைப் படம் பிடித்துப் போட்டாள். கீழே, இன்று நம் நூலகத்தில் மாயவன், படிப்பது நாட்டுக்கோழி வளர்ப்பு என்று எழுதினாள்.

மாயவன் அப்படியொன்றும் பெரிய படிப்பாளி இல்லை. ஊரைவிட்டுத் தள்ளி, சாமையும் மரவள்ளியும் போட்ட சரிவில் ஒரு கொட்டாய். பெண்டாட்டி போய் நாளாயிற்று. ஒரே மகள் சங்கவி, கல்யாணமாகி, புருஷனோடு குடகுக் காப்பித் தோட்டத்தில் வேலை. பேச்சுத் துணைக்குத்தான் நூலகம் வருவார். வந்ததற்கு அடையாளமாக எப்போதும் அதே கோழிப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொள்வார். ஒரு கோழிகூட வளர்த்தவர் இல்லை.

அந்தப் படத்துக்கு குடகிலிருந்தும் வயநாட்டிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் விருப்பக் குறிகள் வந்து குவிந்தன. ரஜியாவுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. மலையில் பாதி சனம் மலையில் இல்லை, மிளகிலும் காப்பியிலும் பனியன் கம்பெனியிலும் இருக்கிறது. பெற்றவர்களிடம் இருப்பது பட்டன் போன், அதுவும் ஊருக்கு வெளியே பாறை மேல் ஏறி நின்றால்தான் டவர் எடுக்கும். அங்கிருப்பவர்களுக்கு அப்பனையும் ஆத்தாளையும் கண்ணால் பார்க்க இந்தப் பக்கம் ஒரு ஜன்னலாகிவிட்டது. படத்தின் கீழே சங்கவி எழுதியிருந்தாள்: "அப்பா எளச்சிட்டாரு. சாப்புட சொல்லுங்க மேடம்."

அதற்குப் பிறகு நூலகத்துக்கு ஆள் வர ஆரம்பித்தது, படிக்க அல்ல, பார்க்கப்பட. லட்சுமியம்மாள் தலையை எண்ணெய் வைத்து வாரி, காதில் இருந்த கம்மலைத் துடைத்துவிட்டு வந்து உட்கார்ந்து, கையில் கொடுத்த புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, புஸ்தகம் திரும்பி இருக்கு."

"இருக்கட்டும்மா. எம்மூஞ்சி நேராத்தான கீது? எம்புள்ள அதத்தான் பாப்பான்."

ரஜியாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. இருக்காதா? பயிற்சிக்கு வந்த மற்றவர்களுக்கு அவள் பக்கத்தை மாதிரியாகக் காட்டுகிறார்கள் என்று செய்தி வேறு வந்தது. ஒருநாளும் விடாமல் போட்டாள். நூலகத்தில் சிக்னல் கிடையாது என்பதால், அங்கே எடுத்த படங்களை வீட்டுக்கு வந்துதான் ஏற்றுவாள். நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே குறித்து வைத்துவிட்டால் அதுவே போய்ச் சேர்ந்துகொள்ளும் என்று ருக்ஷானா சொல்லிக் கொடுத்த பிறகு வேலை இன்னும் சுலபமாயிற்று. லீவு நாளுக்கும் ஒரு படம் போய்விடும். முந்தின நாள் படத்துக்கு இன்று என்று எழுதுவதில் அவளுக்கு உறுத்தல் எதுவும் இல்லை. நேற்று இருந்தவர் இன்றும் இருக்கத்தானே போகிறார்.

ருக்ஷானாவின் நிக்காஹ் குறித்தாயிற்று. ரஜியா ஒரு வாரத்துக்குமேல் லீவு எழுதிக் கொடுத்தாள். மாற்று ஆள் கிடையாது, நூலகம் பூட்டியிருக்கும். ஆனால் பக்கம் காலியாக இருக்கலாமா? போகுமுன் கடைசி நாள் ஊரையே படம் பிடித்து வைத்துக்கொண்டால் வாரம் முழுக்கத் தள்ளிவிடலாம் என்று கணக்குப் போட்டு, ஒரே ஆளை இரண்டு நாளைக்குக் காட்ட வேண்டி வந்தால் உதவுமே என்று புருஷன் கடையிலிருந்து சில சட்டைகளையும் பையில் போட்டுக்கொண்டு மலையேறினாள்.

அன்றைக்குப் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. அடித்துப் பெய்யவில்லை, விடாமல் நசநசவென்று பெய்தது. பஸ்ஸைவிட்டு இறங்கியபோது எதிர்க்கடைகூடத் தெரியாத அளவுக்கு மூட்டம். மத்தியானம்வரை ஒருவரும் வரவில்லை. அப்புறம் கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு மாயவன் ஒருத்தர்தான் வந்தார்.

"சளி புடிச்சிருக்கு மேடம். கொட்டாயில ஒண்டியா உக்காந்துகினு இருமறதுக்கு, இங்க வந்து இருமலாம்னு வந்தேன்."

ரஜியா அவரை விடவில்லை. நீலச் சட்டையை மாட்டி ஜன்னலோரம் உட்கார வைத்து ஒரு படம். பச்சையும் வெள்ளையுமாகக் கட்டம் போட்டதை மாட்டி அலமாரி அருகே ஒன்று. அவருடைய சொந்தச் சட்டையோடு பேப்பர் மேசையில் ஒன்று. மறுபடி கட்டம் போட்டது, இந்தத் தடவை வாசலோரம். விலைச்சீட்டைக் காலருக்குள் செருகி மறைத்தாள். சட்டை கழற்றி மாட்டும்போது அவர் உடம்பு கொதித்தது தெரிந்தது.

"இன்னா மேடம், எனக்குப் பொண்ணு கிண்ணு பாக்குறீங்களா?" என்று சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறி அடங்க நேரமாயிற்று.

"நல்லா இருக்குங்க. உங்க பொண்ணு பாத்தா சந்தோஷப்படும்" என்றாள் ரஜியா.

சட்டைகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். ஜுரத்துக்கு மாத்திரை இருக்கிறதா என்று கேட்க வாயெடுத்தாள், அதற்குள் பஸ் ஹாரன் கேட்டது. பூட்டிக்கொண்டு ஓடினாள். பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தபோது அவர் கோணியைப் போட்டுக்கொண்டு சாமைக்காட்டுப் பாதையில் இறங்கிக்கொண்டிருந்தார். பிறகு மூட்டம் மூடிக்கொண்டது.

நிக்காஹ் வீட்டில் தலைக்குமேல் வேலை. பிரியாணி அண்டாவுக்கும் மாப்பிள்ளை வீட்டாருக்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்தவளின் போன் அவ்வப்போது சிணுங்கும். குறித்து வைத்தது ஒருநாள் விட்டு ஒருநாள் குறித்தபடி போய்க்கொண்டிருந்தது. இன்று நம் நூலகத்தில் மாயவன், இன்றும் மாயவன். கட்டம் போட்ட சட்டைப் படத்துக்குக் கீழே சங்கவி எழுதினாள்: "அப்பாவுக்குப் புதுச் சட்டையா? சூப்பரா கீது." ரஜியா மருதாணி காயாத விரலால் அதற்கு ஓர் இதயம் போட்டாள்.

வாசலோரம் எடுத்த படம் வந்த அன்று, மணப்பெண்ணுக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தவள் கை ஒரு கணம் நின்றது. எடுக்கும்போது கவனிக்கவில்லை. அந்தப் படத்தில் மாயவன் போனைப் பார்க்கவில்லை. கதவுக்கு வெளியே யாரோ வந்து நிற்பதுபோல, அவருக்குத் தெரிந்தவர்போல, முகத்தைத் திருப்பியிருந்தார். படம் எடுத்த அன்று மழையில் வெளியே ஒருவருமில்லை. யாரோ கூப்பிட்டார்கள், ரஜியா போனை வைத்துவிட்டுப் போனாள்.

லீவு முடிந்து நொச்சிமேட்டில் இறங்கியபோது, வழக்கமாக, கல்யாணம் நல்லா நடந்திச்சா மேடம் என்று கேட்கும் டீக்கடைக்காரர்கூட உள்ளே திரும்பிக்கொண்டார். நூலகக் கம்பிக்கதவின் பூட்டில் மஞ்சள் துணி சுற்றியிருந்தது. படியில் கற்பூரம் எரிந்த கறை, நசுங்கிய எலுமிச்சம்பழம். ஊரில் ஏதோ சாமி காரியம் என்று நினைத்துக்கொண்டு சாவியை எடுத்தாள்.

"மேடம், திறக்காதீங்க" என்று குரல் கேட்டது. மாயவனுக்குப் பக்கத்துக் காட்டுக்காரர் கண்ணுசாமி, ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். கடந்து வரவில்லை.

"இன்னாங்க ஆச்சு?"

"மாயவன் பூட்டாருங்க."

ரஜியா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "யா அல்லா. எப்போ?"

"அதாங்க ஒருத்தருக்கும் தெரியல. முந்தாநாள் மரவள்ளிக்குக் களக்கொத்து கேக்கலாம்னு போனேன். வாட வந்திச்சி. உள்ள பாத்தா பாயில கெடக்குறாரு. அது அன்னிக்கிப் போன ஒடம்பு இல்லீங்க. போயி நாளாயிருக்குது. அப்பவே எடுத்துப் பொதச்சிட்டோம், மவ வரவரைக்கும் வைக்கிற மாதிரி இல்ல." கண்ணுசாமி குரலைத் தாழ்த்தினார். "ஆனா அதுக்கு மொத நாளுகூட இங்க உக்காந்து படிச்சிக்கினு இருந்தாரே. டச் போன் வச்சிருக்கிற பசங்களோட பாறைக்குப் போனவங்க அத்தினி பேரும் போட்டோவப் பாத்தோம். லைப்ரரி பூட்டிக் கெடக்குது, சாவி உங்க கையில. அப்ப உள்ள உக்காந்து படிச்சது யாருங்க?"

ரஜியா விளக்கினாள். அது பழைய படம், முன்னாடியே நாள் குறித்து வைத்துவிட்டுப் போனது, அதுவாகப் போகும் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். கண்ணுசாமி மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்.

"சரிங்க மேடம். பழைய போட்டோன்னா, அந்தக் கட்டம் போட்ட சட்ட எங்க? அவராண்ட அப்பிடி ஒண்ணு இல்ல. கொட்டாய் முழுக்க சல்லட போட்டுத் தேடியாச்சி. பொதைக்கிறதுக்குப் போடலாம்னு பாத்தா கெடைக்கல. அதப் போட்டுக்கினு கெளம்பிட்டாரு."

அந்த இடத்தில் ரஜியா உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். கழற்றி மடித்த சட்டை கடைத்தெருவில் ஹேங்கரில் தொங்குகிறது என்று ஒரு வாக்கியம் போதும். ஜுரத்தில் கொதித்த மனிதனுக்கு மாற்றி மாற்றிச் சட்டை மாட்டிப் படம் எடுத்தேன் என்று எப்படிச் சொல்வது? "தெரியலைங்க" என்றாள். பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். அன்றைக்குக் கொண்டுபோன சோற்றை அவள் திறக்கவேயில்லை.

அதற்குப் பிறகு நூலகத்துக்கு ஒருவரும் வரவில்லை. பேப்பர் மடிப்பு கலையாமல் கிடந்தது. ரோட்டில் போகிறவர்கள் அந்த இடம் வந்ததும் எட்டி நடை போட்டார்கள். லட்சுமியம்மாள் தன் கண்ணாலேயே பார்த்தாளாம், அந்த வாரம் நடுவில் ஒரு சாயங்காலம், பச்சைக் கட்டம் போட்ட சட்டையோடு மாயவன் நூலகத்தைப் பார்க்க நடந்து போனாராம், இவள் கூப்பிட்டதற்குக் கை கூப்பினாராம். டீக்கடைக்காரர் அவருக்கு டீ கொடுத்த ஞாபகமே வந்துவிட்டது. சக்கரை கம்மியாகக் கேட்டாராம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்தான். ஆனால் இவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை, ரஜியாவுக்கு அது தெரிந்தது. படத்தைப் பார்த்த கண், பார்த்ததைச் சொல்கிறது. அவள் எழுதிய இன்று என்ற சொல் ஊருக்குள் இறங்கி நடமாடிக்கொண்டிருந்தது, அதைத் திருப்பிக் கூப்பிட வழியில்லை.

போகப்போக அவளுக்கே தடுமாறியது. தனியாக உட்கார்ந்திருக்கும்போது முதுகைச் சுவரோடு ஒட்டி வைத்துக்கொள்வாள். மேகம் உள்ளே வந்து அலமாரிக்கு அந்தப்புறம் தேங்கி நிற்கும். வாசலோர நாற்காலியை மேசைக்கு அடியில் தள்ளி வைத்தோமா இல்லையா என்று நினைவிருக்காது, ஆனால் வெளியே இழுத்துப் போட்டபடி இருக்கும். ஒருநாள் நாட்டுக்கோழி வளர்ப்பு அலமாரியில் இல்லை. தேடாமல் விட்டுவிட்டாள். தேடிக் கண்டுபிடிக்கும் இடம் எதுவாக இருக்குமோ என்று பயம். பிஸ்மில்லா சொல்லிக்கொண்டே பூட்டினாள்.

போனுக்குள்ளே நிலைமை தலைகீழ். பேய் படிக்கும் நூலகம் என்று எவனோ ஒருத்தன் பகிர்ந்துவிட, ஊர் பேர் தெரியாதவர்களெல்லாம் வந்து குவிந்தார்கள். மாயவனின் கண்ணைப் பெரிதாக்கி வட்டம் போட்டுக் காட்டினார்கள். ரஜியா பக்கம் திறந்த நாளிலிருந்து அவ்வளவு விருப்பக் குறிகள் வந்ததில்லை. எல்லாவற்றையும் அழித்துவிடலாம் என்று அவள் விரலை வைத்தபோது சங்கவியிடமிருந்து செய்தி வந்தது. அந்தப் போட்டோவ எடுத்துடாதீங்க மேடம், நான் வந்துகினு இருக்கேன், அப்பாவ அங்கேர்ந்து கூப்புடணும் என்று எழுதியிருந்தாள்.

கூப்பிடுவது என்றால் என்னவென்று கண்ணுசாமிதான் சொன்னார், ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றபடியே. முகம் பார்க்க ஆளில்லாமல் ஒருத்தர் போய்விட்டால், போனது அவருக்கே தெரியாதாம். கடைசியாக எங்கே இருந்தாரோ அங்கேயே சுற்றிக்கொண்டிருப்பாராம். அதனால் கடைசியாக அவரைப் பார்த்த ஆள், பார்த்த இடத்துக்குப் போய் நின்று கூப்பிட்டு, முன்னால் நடக்க வேண்டும். நடக்கும்போது, அதன்பிறகு நடந்ததையெல்லாம் அவருக்குச் சொல்லிக்கொண்டே போக வேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது. வீட்டு ஆள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கும். தப்பான இடத்தில் நின்று கூப்பிட்டால் அவர் காதில் விழாது. மறுபடி ஒரு தடவை கூப்பிட வழக்கமும் கிடையாது.

ரஜியா அன்று வீட்டுக்குப் போனதும் கடையில் தொங்கிய சட்டையை எடுத்துக் காகிதத்தில் சுற்றிப் பையில் வைத்தாள். எதற்கு என்று சாதுல்லா கேட்டார். சொன்னாள். "அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிடு ரஜியா" என்றார் அவர். "மனசுல வச்சிக்கினு நீ தாங்கமாட்ட."

சங்கவி சாயங்கால பஸ்ஸில் வந்து இறங்கினாள். மெலிந்த பெண். காப்பித் தோட்டத்துக் குளிருக்குப் போட்ட ஸ்வெட்டரைக்கூடக் கழற்றவில்லை. கண்ணுசாமி கூட வந்தார், அவளுக்காக ரோட்டைத் தாண்டி படிவரைக்கும் வந்தார். அவள் செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்து, படத்தில் பார்த்துப் பார்த்துப் பழகிய இடங்களை ஒவ்வொன்றாகத் தொட்டாள். ஜன்னலோரம், அலமாரி, பேப்பர் மேசை. வாசலோர நாற்காலியின் முதுகைத் தடவிக்கொண்டு நின்றாள்.

"கடசியா இங்கதான உக்காந்துகினு இருந்தாரு?"

ஆமாம் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. அப்பன் கொட்டாயில் தனியாக இருமிக்கொண்டு கிடந்த நாளெல்லாம் புதுச் சட்டையோடு இங்கே படித்துக்கொண்டிருந்தார் என்ற நம்பிக்கையோடு இந்தப் பெண் குடகுக்குப் போய்ச் சேரும். ஆனால் கூப்பிடுகிற குரல், அவர் இங்கே இல்லாத ஒரு நாளை நோக்கிக் கூப்பிடும், அவர் காதில் விழாது. இன்னொரு தடவை கிடையாது என்று கண்ணுசாமி சொல்லிவிட்டார்.

பையிலிருந்து சட்டையை எடுத்து மேசைமேல் வைத்தாள். விலைச்சீட்டு இன்னும் காலரிலேயே இருந்தது.

"அம்மா, இது எங்க கடைச் சட்டை. உங்கப்பாவோடது இல்ல. எல்லாப் போட்டோவும் ஒரே நாளு எடுத்தது, நான் லீவுல போறதுக்கு மொத நாளு. நான்தான் மாத்தி மாத்திப் போடச் சொன்னேன். அதுக்கப்பறம் அவர் இங்க வரவேயில்ல. லைப்ரரி பூட்டி இருந்துது. அவருக்கு அன்னிக்கே ஜுரம். எனக்குத் தெரியும். தெரிஞ்சும் நான் பஸ்ஸுக்கு ஓடிட்டேன்."

கண்ணுசாமி சட்டையை எட்டிப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். சங்கவி அதைக் கையில் எடுத்தாள். முகத்துக்கு அருகே கொண்டுபோனாள். கடைத்துணி வாசம்தான் அடித்திருக்கும், மடித்து வைத்துவிட்டாள்.

"போன் போட்டா எடுக்கல மேடம். கண்ணுசாமி மாமாவப் போயிப் பாக்கச் சொல்லலாம்னு நம்பர எடுத்து வச்சேன்." அவள் குரல் உயரவில்லை. "அப்பதான் இந்தச் சட்ட போட்டோ வந்திச்சி. நல்லாத்தான கீறாருன்னு போன வச்சிட்டேன். நீங்க ஆர்ட்டின் வேற போட்டீங்க."

ரஜியா அழுதாள். அவளை யாரும் தேற்றவில்லை, தேற்றும்படியாகவும் இல்லை. திட்டியிருந்தால், மண்ணை வாரித் தூற்றியிருந்தால், ரஜியாவுக்கு லேசாக இருந்திருக்கும். சங்கவி ஜன்னலுக்கு வெளியே இருட்டிக்கொண்டு வரும் சரிவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

"அப்ப நெசமா அவரக் கடசியா கண்ணால பாத்தது யாரு? மாமா, நீங்களா?"

"மழ புடிச்சதுலேர்ந்து நான் அந்தப் பக்கமே போகலம்மா" என்றார் கண்ணுசாமி.

"நான்தாம்மா" என்றாள் ரஜியா. "பஸ்ஸுலேர்ந்து பாத்தேன். இந்த வாசல்லேர்ந்து பாதையில எறங்கிப் போனாரு."

"அப்ப நீங்கதான் நடக்கணும்."

"நான் எப்படிம்மா? நாங்க வேற. எனக்கு உங்க மொற எதுவும் தெரியாது."

"பாத்த கண்ணு உங்களுதுதான? நாங்க வூட்டாண்ட போயி நிக்கிறோம். நடந்தத சொல்லிக்கினே வாங்க. திரும்பாதீங்க."

இருவரும் மேட்டு வழியாகப் போய்விட்டார்கள். ரஜியா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள். வாசலில் வந்து நின்றாள். விளக்கு வைக்கும் நேரம், மூட்டம் சரிவிலிருந்து மேலேறிக்கொண்டிருந்தது. கேலிக்கூத்து மாதிரி இருக்குமோ என்று கூச்சமாக இருந்தது. பிறகு கூச்சம் போய்ப் பயம் வந்தது.

"மாயவன், வாங்க. வூட்டுக்குப் போலாம்" என்றாள்.

ஒன்றும் ஆகவில்லை. பாதையில் இறங்கி நடந்தாள். சாமைக்கதிர் இரண்டு பக்கமும் ஈரமாகப் புடவையில் உரசியது. சொல்ல ஆரம்பித்தாள். "நீங்க போனப்பறம் எம்பொண்ணுக்கு நிக்காஹ் ஆச்சுங்க. நல்லா நடந்துது. நீங்க படுத்துக் கெடந்த நாளெல்லாம் நீங்க இங்க படிச்சிக்கினு இருக்கீங்கன்னு நான் ஊருக்கெல்லாம் சொல்லிக்கினு இருந்தேன். உங்க பொண்ணுக்கும் சொன்னேன். அது நம்பிடுச்சி. என்னால ஒருத்தரும் உங்கள வந்து பாக்கல." பேசப் பேச அழுகை நின்று, குரல் தெளிந்தது. "மாத்திர கேக்கணும்னு நெனச்சேங்க, கேக்கல. நீங்க எறந்துட்டீங்க மாயவன். கண்ணுசாமிதான் பாத்தாரு. பொதச்சிட்டாங்க. உங்க பொண்ணு இன்னிக்குத்தான் வந்துச்சி."

அதைச் சொன்ன இடத்தில்தான் பின்னால் சத்தம் கேட்டது. பெரிதாக ஒன்றுமில்லை. ஈர மண்ணில் கால் வைத்து எடுக்கிற சத்தம். இவள் நின்றாள், கொஞ்சம் பொறுத்து அதுவும் நின்றது. நாயாக இருக்கலாம். புடவை உரசலாக இருக்கலாம். கழுத்துப் பின்புறம் சில்லிட்டுப் போயிற்று, பிடரி நரம்பு திரும்பு திரும்பு என்று இழுத்தது. ரஜியா திரும்பவில்லை. வாழ்நாளில் அவள் நிரப்பாமல் விட்ட ஒரே இடம் தன் முதுகுக்குப் பின்னால் இருந்த அந்த இடம்தான். பேச்சை விடாமல், மழையைப் பற்றி, சாமை விளைந்து நிற்பதைப் பற்றி, சங்கவி இளைத்துப் போயிருப்பதைப் பற்றிச் சொல்லிக்கொண்டே நடந்தாள்.

கொட்டாய் வாசலில் சிம்னி விளக்கு வைத்திருந்தார்கள். சங்கவி கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். ஸ்வெட்டரைக் கழற்றியிருந்தாள். கண்ணுசாமி தள்ளிப்போய் வேலியோரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். ரஜியா வாசல்வரை வந்து நின்றாள். பின்னால் இருந்த சத்தமும் நின்றது.

"வந்துட்டாரா மேடம்?" என்று சங்கவி கேட்டாள்.

ஆமாம் என்று சொல்லத்தான் நாக்கு எழுந்தது. எத்தனை சுலபமாக வரும் வார்த்தை அது. ரஜியா அதை விழுங்கினாள்.

"தெரியலம்மா. நான் பாக்கல."

சங்கவி அவளையே பார்த்தாள். பிறகு அவள் தோளுக்கு மேலாகப் பாதையைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். முகம் மெல்லக் கோணிக்கொண்டு வந்தது, கதவைப் பிடித்த கை மட்டும் விடவில்லை.

"கொஞ்சம் ஒதுங்கிக்குங்க மேடம்" என்றாள். "வழியில நிக்கிறீங்க."

ரஜியா ஒதுங்கி நின்றாள்.